ஓடைக்கு அந்தப் பக்கம் குடித்த கூழ்

சைக்கிளில் தூரம் போக நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, வழியில் எதைத் தின்பது என்றுதான். பஞ்சர் ஒட்டத் தெரிய வேண்டுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் சொல்கிற பதில் எப்போதும் ஒன்றுதான். வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போகாதே. எந்த ஊரில் இருக்கிறாயோ அந்த ஊர்க்காரர்கள் அன்றைக்கு எதைத் தின்கிறார்களோ அதைத் தின். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் சுற்றியிருக்கிறேன். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஒரு தடவை இந்த விதியால் என் அக்காவின் வாழ்க்கை கெட இருந்தது. விதியைச் சொன்னால் அதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தின வருஷங்கள் அவை. நான் சிம்மக்கல்லில் ஒரு பாய் வைத்திருந்த வாடகை சைக்கிள் கடையில் வேலை பார்த்தேன். நாலாம் வகுப்பு வரை படித்தவன். ஐந்தாம் வகுப்பிலும் பெயர் இருந்தது. நான்தான் பெரும்பாலும் வைகை மணலில் இருந்தேன். அப்பா கிராமத்தில் அடுத்தவன் நிலத்தில் உழுது, அது போதாமல் மதுரைக்கு வந்து, மில் கட்டுகிற இடத்தில் கல் சுமந்து இறந்துபோனார். அம்மா, நான், அக்கா மூன்று பேர். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளைச் சாத்தூருக்குக் கிழக்கே ஆறு மைலில் ஒரு கரிசல் ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம்.

மச்சான் காரணமில்லாமல் அடிக்கிறவர் என்று சொல்ல முடியாது. மழை பெய்யாத வருஷம் மழை பெய்யவில்லை என்று அடிப்பார். பெய்த வருஷம் பருத்தி அழுகிவிட்டது என்று அடிப்பார். நாலு வருஷம் கழித்து அக்கா ஒரு நாள் ரயிலேறி மதுரைக்கு வந்துவிட்டாள். இடது முன்கை ஒடிந்து, சரியாகக் கட்டாமல், கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது. அந்தக் கையோடு போய் மில்லில் நூல் சுற்றுகிற பகுதியில் வேலை கேட்டாள். சேர்த்துக்கொண்டார்கள். அங்கே நூல் அறுந்தால் முடிச்சுப் போடுகிற விரல்தான் முக்கியம். முன்கை நேராக இருக்க வேண்டும் என்று யாரும் பார்ப்பதில்லை.

ஒரு வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு சித்திரைத் திருவிழாவுக்கு வந்த ஆள் ஒருவர் சேதி கொண்டுவந்தார்: வைகாசி பிறந்ததும் நாலு பேராக வந்து பெண்ணை அழைத்துப் போகிறார்களாம்.

எங்கள் ஆட்களிடம் தீர்த்துவிடும் வழக்கம் உண்டு. பெண் வீட்டிலிருந்து ஒருவர் தாலியைக் கொண்டுபோய் மாப்பிள்ளை ஊர் நாட்டாமை முன்னால் வைக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு துரும்பை எடுத்து ஒடித்துப் போட வேண்டும். முடிந்தது. பெண் அவள் வழியில் போகலாம். ஆனால் தாலியைக் கொண்டுபோகிறவர் காரியம் முடிகிறவரை அங்கே கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் உறவு மறுபடி ஒட்டிக்கொண்டது என்று கணக்கு. தாலி திரும்பி வந்துவிடும், பெண்ணும் திரும்பிப் போக வேண்டியதுதான். தீராமல் அவள் எங்கள் வீட்டில் இருந்தால், வந்து இழுத்துக்கொண்டு போகிறவர்களை எங்கள் தெருவில் ஒருவரும் தடுக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். எனக்குப் பத்தொன்பது வயது.

அக்கா தாலியைக் கழற்றி ஒரு துணியில் முடிந்து என் கையில் கொடுத்தாள்.

"அங்க பச்சத் தண்ணி பல்லுல படக் கூடாது. புரியுதா?"

"ஒரு நாள் பட்டினி எனக்குப் பெருசாக்கா?"

"பட்டினி பெருசில்ல. திங்கிறதக் கண்டா ஒனக்குக் கை சும்மா இருக்காது. அதான் பெருசு."

ரயிலில் போ என்றாள். நான் சைக்கிளில் போகிறேன் என்றேன். ஐம்பது மைல் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை. அக்காவின் காரியத்தில் என் ஆசையையும் ஏற்றிக்கொண்டேன். ரயிலில் போயிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

கடைப் பாயிடம் கேட்டபோது அவர் சிரித்தார்.

"அம்பது மைலா? ரயில எதுக்குடா விட்டிருக்கான்?"

"ரயில் சாத்தூரோட நின்னுரும் பாய். அதுக்கு மேல ஆறு மைலு."

"நீ திரும்பி வராட்டி ஒங்கக்கா அழும். சைக்கிள் திரும்பி வராட்டி நான் அழணும். ரெண்டையும் யோசிச்சு ஓட்டு தம்பி."

கடையிலேயே யாரும் வாடகைக்குக் கேட்காத சைக்கிளாகப் பார்த்துக் கொடுத்தார். முன் பிரேக் இல்லை. பின் பிரேக் அதற்குத் தோன்றினால் பிடிக்கும்.

அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். இலையில் பொதிந்து, துணியில் சுற்றி, ஹேண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினேன். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது மூட்டை ஆடிப்போய் முன் சக்கரத்துக் கம்பிக்குள் நுழைந்தது. நான் ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம். பாதிச் சோறு மண்ணில். மீதியை உட்கார்ந்து தின்றேன். புளிச்சோறு தின்றால் தண்ணீர் தவிக்கும் என்பது வீட்டில் தெரியாது, வீட்டில் பானை பக்கத்தில் இருக்கும். ரோட்டில் தெரிந்தது. அடுத்த கிணறு மூன்று மைலில் இருந்தது. கிணறு இருந்ததே தவிர, நாங்கள் அதில் இறைக்கக் கூடாது. யாராவது இறைக்க வருகிறவரை நின்று, கையை ஏந்தி, அவர்கள் தூக்கி ஊற்றியதைக் குடிக்க வேண்டும். நான் நின்ற நேரத்தில் ஐந்து மைல் ஓட்டியிருக்கலாம்.

காப்பி விஷயமும் அப்படித்தான். சிம்மக்கல்லில் பாய் கடைக்கு வருகிற காப்பியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பழக்கம் பத்து மணிக்குத் தலைவலியாக வந்து நின்றது. திருமங்கலத்தில் காப்பி கிளப் இருந்தது. யார் உள்ளே வரலாம் என்று வாசலில் பலகையும் இருந்தது. நாலாம் வகுப்புப் படிப்பு அதை வாசிக்கப் போதுமானதாக இருந்தது. கொல்லைப் பக்கம் போனால் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுவார்கள் என்று ஒருவர் சொன்னார். போனேன். ஊற்றினார்கள். சிரட்டையில் குடித்தாலும் தலைவலி போகத்தான் செய்தது. ஆனால் அன்றைக்கு மேல் நான் பயணத்தில் காப்பியை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன். கிடைக்காத ஒன்றை உடம்புக்குப் பழக்கி வைத்தால் ரோட்டில் அது ஒரு மூட்டை. மிதிக்கிறவன்தான் சுமக்க வேண்டும்.

திருமங்கலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மண் கறுத்துவிட்டது. கரிசல். பருத்தி எடுத்து முடித்த காடு, பருத்திமார் என்கிற செடிக்குச்சி மட்டும் காய்ந்து நின்றது. நிழல் என்று இருந்தவை கருவேல மரங்கள். நிழலுக்கு ஒதுங்கினால் முள் குத்தும், சைக்கிளுக்கு. இரண்டு பஞ்சர் ஒட்டினேன்.

ஒரு புளியமரத்தடியில் மிளகாய் மூட்டை வண்டி நின்றது. வண்டிக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணே, இங்க சாப்பிட என்ன கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் வண்டிக்கு அடியிலிருந்து கலயத்தை எடுத்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தார்.

"என்னண்ணே, ஒண்ணும் இல்லேன்னீக?"

"சாப்பாடு இல்லேன்னேன். இது கஞ்சிதான?"

கொஞ்சம் எனக்கும் ஊற்றினார். அவரும் எங்கள் ஆள் என்பது அடுத்த ஊர் வந்ததும் தெரிந்தது. வண்டியை விட்டு இறங்கிச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நானும் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். ஊர் முடிந்ததும் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார், நான் சைக்கிளில் ஏறினேன்.

அவரிடம் கற்றதுதான் நான் இன்றைக்கும் எல்லாருக்கும் சொல்வது. என்ன கிடைக்கும் என்று கேட்டால் கடையில் விற்பதைத்தான் சொல்வார்கள். கடை இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். இன்றைக்கு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும். அப்போது உண்மை வரும். பல இடங்களில் உண்மையோடு ஒரு கவளமும் வரும். அன்று சாயங்காலம் விருதுநகருக்கு வெளியே ஒரு பஞ்சுக் கொட்டகையில் அப்படிக் கேட்டுத்தான் சோளச்சோறும் சுட்ட கருவாடும் தின்றேன். மறுநாள் காலை பனங்காட்டில் அப்படிக் கேட்டுத்தான் ஓலைப் பட்டையில் பதநீர் குடித்தேன். கரிசல் வெயிலுக்குக் கரிசல்காரன் எதைத் தின்கிறானோ அது நின்றது. கம்பும் சோளமும் வயிற்றில் கல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும், அடுத்த பதினைந்து மைலுக்கு வயிறு நம்மைக் கூப்பிடாது. நான் பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி மிதித்துக்கொண்டு போனேன்.

சாத்தூரிலிருந்து கிழக்கே வண்டித்தடம்தான். ஊருக்கு ஒரு மைல் முன்னால் காய்ந்த ஓடை ஒன்று குறுக்கே கிடந்தது. மணலில் சக்கரம் புதைந்ததால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டினேன். தாண்டி ஏறியதும் ஒரு புஞ்சைக் காடு. ஐம்பது வயதிருக்கும், ஒரு அம்மா தனியாகப் பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்தார். மத்தியானம். எனக்கு மூச்சு வாங்கியது. இனி அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது, கடைசியாக இங்கே கொஞ்சம் குடித்துவிட்டால் பொழுது சாய்கிறவரை தாங்கலாம் என்று கெட்டிக்காரத்தனமாக நினைத்தேன்.

"என்னாத்தா, இன்னைக்கு என்ன குடிச்சீக?"

"எதுக்கு? குடிச்சத வெளியெடுத்துக் காட்டவா?"

"இல்லாத்தா. பசிக்குது."

"அதச் சொல்ல வேண்டியதுதான."

கம்மங்கூழ். மோர் விட்டுக் கரைத்தது. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். சிரட்டையில் ஊற்றினார், தானும் அதே மாதிரி ஒரு சிரட்டையில்தான் குடித்தார். நான் இரண்டு சிரட்டை குடித்தேன்.

"எந்த ஊருய்யா?"

"மதுரை."

"ஆத்தி, அம்புட்டுத் தூரத்துலருந்தா! யாரப் பாக்க?"

"நாட்டாமைய."

தாலி விஷயத்தை வழியில் போகிறவர்களிடம் சொல்லக் கூடாது என்ற அறிவு எனக்கு இருந்தது. அந்த அளவுக்குத்தான் இருந்தது.

மச்சான் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை. அக்காவின் மாமியார் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"வாங்க தம்பி. தண்ணி குடிங்க."

"வேண்டாம் அத்தை."

"மோரு?"

"வேண்டாம் அத்தை."

எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. செம்பைக் கீழே வைத்துவிட்டு மகனைக் கூப்பிடப் போனார். நான் உதட்டைக்கூட நக்காமல் நிமிர்ந்து நின்றேன். அன்றைக்கு என்னைப் பார்த்திருந்தால் யாருக்கும் மரியாதை வந்திருக்கும்.

வேப்பமரத்தடியில் நாட்டாமையும் ஐந்தாறு பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். நாட்டாமை கூன் விழுந்த மனிதர், பேச்சு மட்டும் நேராக இருக்கும். நான் துணி முடிச்சை அவிழ்த்துத் தாலியை அவர் முன்னால் வைத்தேன். அக்காவின் கையைப் பற்றிச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்களில் ஒருவர் துரும்பு தேடிக் கீழே குனியக்கூடச் செய்தார்.

அப்போது காட்டிலிருந்து பருத்திமார்க் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா வந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அட, கூழு குடிச்ச பிள்ளையில்ல இது!"

நாட்டாமை தலையைத் தூக்கினார்.

"எங்க குடிச்சான்?"

"நம்ம மேக்குப் பிஞ்சையிலதான். ரெண்டு செரட்டை. பாவம், ஆசையாக் குடிச்சான்."

"ஓடைக்கு அங்கிட்டா, இங்கிட்டா?"

"இங்கிட்டுத்தான். ஓடைக்கு அங்கிட்டு நமக்கு ஏது காடு?"

அவர் மச்சானின் சின்னம்மா. கல்யாணத்தில் பார்த்தது, ஐந்து வருஷத்தில் ஒருவருக்கொருவர் அடையாளம் தெரியவில்லை. கலயம் அக்காவின் மாமியார் வீட்டுக் கலயம். கூழ் அந்த வீட்டு அடுப்பில் காய்ச்சிய கூழ். ஓடைதான் ஊர் எல்லை.

"வீட்டுல ஒண்ணும் குடிக்கலையே" என்றேன்.

"எல்லைக்குள்ள எங்க குடிச்சாலும் குடிச்சதுதான்" என்றார் நாட்டாமை. "யாரும் ஒன் வாயில ஊத்தல. நீயாக் கேட்டுக் குடிச்சிருக்க."

துரும்பு தேடியவர் நிமிர்ந்துவிட்டார். நாட்டாமை தாலியை எடுத்து என் துணியிலேயே முடிந்து என் கையில் வைத்தார். வைகாசி பத்தாம் தேதிக்குள் அழைக்க வருவார்கள், பெண்ணைத் தயாராக வைக்கச் சொல் என்றார். அதில் கோபம் ஒன்றும் இல்லை. கூழ் ஊற்றிய அம்மா என்ன நடந்தது என்று புரியாமல் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

உறவு ஒட்டிக்கொண்டுவிட்டதால் எனக்கு விருந்து. கோழி அடித்தார்கள். குதிரைவாலிச் சோறு, கோழிக்குழம்பு. கெட்டது கெட்டுவிட்டது, இனிப் பட்டினி கிடந்து யாருக்கு என்ன லாபம் என்று சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இதை மறைத்து எழுதினால் எழுதுவதில் அர்த்தம் இல்லை.

திரும்பும்போது எந்த ஊரில் என்ன தின்றேன் என்று நினைவில்லை.

அக்கா மில்லிலிருந்து வந்து தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் தாலி முடிச்சை அவள் முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அம்மா ஒப்பாரிக்குத் தயாரானாள். அக்கா அவளைக் கையமர்த்திவிட்டு என்னைக் கேட்டாள்.

"அப்புறம்? விருந்தா?"

"ஆமா."

"கோழியா?"

"ஆமா."

"என்ன கோழி? கழுத்துல மயிரில்லாத செவலையா?"

யோசித்தேன். "ஆமா, கழுத்து மொட்டையாத்தான் இருந்துச்சு."

"அது என் கோழி" என்றாள். "குஞ்சா இருக்கையிலேருந்து வளத்தேன். முட்டைக்கு வச்சிருந்தேன்."

"எனக்குத் தெரியாதுக்கா."

"ஒனக்கு என்னதான் தெரியும்? கூழு குடிச்சவன் நீ, கோழி தின்னவன் நீ. ஒட்டினது ஒனக்குத்தான். நீயே போயி அங்க வாழு."

சொல்லிவிட்டு அவளே நின்றாள். தான் சொன்னதைத் தானே மறுபடி கேட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது முகம். பிறகு தாலியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம மில்லு லீவு. நான் போறேன்."

பெண்ணே தாலியைக் கொண்டுபோகிற வழக்கம் இல்லை என்று அம்மா சொன்னாள். இல்லை என்பது அக்காவுக்கும் தெரியும். நான் முந்தின நாளே சைக்கிளில் கிளம்பிச் சாத்தூர் ஸ்டேஷனில் காத்திருப்பது, அவள் காலை ரயிலில் வருவது, அங்கிருந்து ஆறு மைல் கேரியரில் என்று முடிவாயிற்று. பாய் இந்தத் தடவை இரண்டு பிரேக்கும் பிடிக்கிற சைக்கிளைக் கொடுத்தார். "ஆளு ஒண்ணு கூடுதலா ஏறுதுல்ல" என்றார். காரணம் அது ஒன்றுதானா என்று நான் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் இறங்கியதும் அக்கா தண்ணீர் குடித்தாள். மதுரையிலிருந்து கொண்டுவந்த பழைய சோற்றைத் தின்றாள். மறுபடி தண்ணீர் குடித்தாள். பிறகு கேரியரில் ஏறி ஒருபக்கமாக உட்கார்ந்தாள். பொம்பளை சைக்கிளில் போவதைக் காடுகளில் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நடுவில் ஒரு ஊர்த் தெரு வந்தபோது நான் இறங்கினேன். அவளும் இறங்கினாள்.

"மதுரையிலயும் இப்படி எறங்கித் தள்ளுவியா?"

"இல்ல."

"அப்ப கால் இங்க மட்டுந்தான் வலிக்கிது."

தெரு முடிந்ததும் அவளே ஏறிக்கொண்டாள்.

ஓடை வந்தது. நான் நின்று, அதுதான் எல்லை என்று காட்டினேன். "நாலு வருஷம் இங்க இருந்தவ நான்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

நாட்டாமை அவளைப் பார்த்ததும் திகைக்கவில்லை. கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார்.

"பொம்பள கொண்டார வழக்கமில்லையே தாயி."

"கூழு குடிச்சவனுக்கு உறவு ஒட்டும்னீக, மாமா. சரி. தம்பிக்கு ஒட்டிருச்சு. அவன் வேணும்னா இங்கயே கெடக்கட்டும். நான் குடிக்கல."

பெரியவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மற்றவர்கள் அவரை முறைத்தார்கள்.

"ஆளுக எல்லாம் காட்டுல இருக்காக" என்றார் நாட்டாமை. "பொழுது சாயட்டும், பேசுவோம். அதுவரைக்கும் இங்ஙனயே இரு."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அந்த மரத்தடியில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அப்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வைகாசி பிறக்க ஐந்து நாள். அக்னி வெயில்.

அக்கா வேரின்மேல் உட்கார்ந்தாள். நானும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். மாமியார் வந்தார். ஒரு புதுப் பானை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அக்கா கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்து, மேலே சிரட்டையையும் கவிழ்த்துவைத்தார்.

"குடிக்கச் சொல்லல. சும்மா இருக்கட்டும்."

பானை வெளியே வியர்த்தது. அதன் அடியில் மண் நனைந்து கறுத்துக்கொண்டே போனது. நான் அதைப் பார்க்காமல் இருக்க வேறு எதையெதையோ பார்த்தேன். அக்கா நேராக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பானைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குத் தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் பதநீர் வந்தது. பிறகு மோர். மச்சானும் வந்தார்.

"வீட்டுக்கு வா. உள்ள உக்காந்து பேசுவோம்."

"இங்கயே பேசுங்க."

நாக்கு வறண்டிருக்கும் போல, அந்தப் பானையிலிருந்து அவரே இரண்டு சிரட்டை மொண்டு குடித்துவிட்டுப் போனார்.

கூழ் ஊற்றிய அம்மா என்னிடம் வந்தார். கையில் கலயம்.

"வேண்டாமாத்தா" என்றேன்.

"அன்னைக்கு அம்புட்டு ஆசையாக் குடிச்சியேய்யா" என்றார், நிஜமாகவே மனம் வருந்தி. அந்த வெயிலில் எனக்குத் தாகத்தைவிட இதைத்தான் தாங்க முடியவில்லை.

ஊர்க்காரர்கள் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தெரிந்த அக்கா, அந்த ஊரில் நாலு வருஷம் இருந்த அக்கா. ஒரு வருஷமாக அவள் தினமும் பத்து மணி நேரம் மில்லில் நின்றிருக்கிறாள். உள்ளே காற்று இருக்காது, பறக்கிற பஞ்சுதான் இருக்கும். தண்ணீர்க் குழாய்க்குப் போக வேண்டுமென்றால் மேஸ்திரி தலையசைக்க வேண்டும், மேஸ்திரிக்குத் தலை அவ்வளவு சுலபத்தில் அசையாது. மரத்தடியில், நிழலில், உட்கார்ந்துகொண்டு அரை நாள் தண்ணீரில்லாமல் இருப்பது அவளுக்கு லீவு நாள் மாதிரி.

எனக்கு அப்படி இல்லை. மூன்று மணி வாக்கில் கண் இருட்டியது. அக்கா திரும்பிப் பார்த்து, "விழுந்தா அங்கிட்டுத் தள்ளி விழு. பானைப் பக்கம் விழுந்துறாத" என்றாள்.

பொழுது சாய்ந்தது. ஆட்கள் காட்டிலிருந்து வந்து சேர்ந்தார்கள். நாட்டாமை உட்கார்ந்தார். பானையை எட்டிப் பார்த்தார். நீர் குறைந்திருந்தது.

"இது எம்மவன் குடிச்சது" என்று மாமியார் தானாகவே சொன்னார். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

"கை நனைச்சியா தாயி?"

"ஓடை தாண்டினதுலருந்து எச்சிதான் மாமா முழுங்கியிருக்கேன். இப்ப அதுவும் இல்ல."

குரல் உடைந்து தகரத்தில் கல் உரசுகிற மாதிரி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. அக்கா தாலியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். இடது கையைக் கீழே ஊன்றித்தான் குனிந்தாள். அந்தக் கோணல் கை எல்லார் கண்ணுக்கு முன்னாலும் சற்று நேரம் இருந்தது.

"ஆம்பளதான் கொண்டாரணும்னு..." என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார்.

"கட்டினது ஏங் கழுத்துல. தம்பி கழுத்துல இல்ல."

நாட்டாமை குனிந்து, கீழே கிடந்த வேப்பங்குச்சி ஒன்றை அவரே பொறுக்கி மச்சானிடம் நீட்டினார். மச்சான் அதை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒடித்துப் போட்டார். சின்னக் குச்சி, சத்தமே வரவில்லை.

ஒடித்த பிறகு வழக்கத்தில் தடை ஒன்றும் கிடையாது. மாமியாரே பானையைக் காட்டினார். அக்கா எழுந்து சைக்கிளை நோக்கிப் போனாள்.

ஓடையைத் தாண்டியும் அவள் தண்ணீர் கேட்கவில்லை. நடுவில் இருந்த ஊர்த் தெருவில் இருவரும் இறங்கித் தள்ளினோம். சாத்தூர் ஸ்டேஷனில் தண்ணீர்க்காரர் ஊற்ற ஊற்ற அவள் கையேந்திக் குடித்ததைப் பார்த்து, அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு வாளி எடுத்துவரப் போனார். முழங்கை வழியாக வழிந்து சேலையெல்லாம் நனைந்தது. பிறகு பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இந்த ஊருல என்னடா தின்பாக?"

ஆற்று மணலில் விளைந்த வெள்ளரிக்காயைக் கூடையில் வைத்து ஒரு பெண் பிளாட்பாரத்தில் விற்றுக்கொண்டிருந்தாள். நாலு வாங்கினேன். உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுத்தாள். அக்கா முதல் காயைக் கடித்துவிட்டு, கசக்கிறது என்றாள். ஆனாலும் முழுதாகத் தின்றாள். இரண்டாவது கசக்கவில்லை. மூன்றாவதைப் பாதி தின்றுவிட்டு எனக்குக் கொடுத்தாள். நாலாவதை அம்மாவுக்கு என்று மடியில் கட்டிக்கொண்டாள்.

ரயில் வந்தது. ஏறிக்கொண்டாள். நான் அன்று சாத்தூரிலேயே படுத்துவிட்டு மறுநாள் மிதித்து, பொழுது சாய்கிற நேரத்துக்கு மதுரை வந்து சேர்ந்தேன். அதற்குள் அவள் மில்லுக்குப் போய் ஒரு நாள் வேலையை முடித்திருந்தாள்.